நீல் தீவில் கை நனைக்காமல்

டிசம்பர் 1, அருப்புக்கோட்டை

சர்க்கரை டாக்டர் தினமும் என்ன சாப்பிட்டேன் என்று இந்த நோட்டில் எழுதி, அடுத்த மாதம் கொண்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே இட்லி, சட்னி என்று எழுத மனம் வரவில்லை. நல்ல விஷயத்தில் தொடங்கினால் டாக்டருக்கும் மரியாதையாக இருக்கும்.

மூத்த பேரன் வித்யாசாகர் நாமக்கல்லில் கால்நடை டாக்டர். கலெக்டர் கையால் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். பேத்தி தேன்மொழி ஜெர்மனியில் பேட்டரி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். என்ன கண்டுபிடித்தாள் என்று எனக்கு இரண்டு தடவை விளக்கினாள். இரண்டு தடவையும் நன்றாகவே விளக்கினாள். மகள் வீட்டுக் கபிலன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்த பெண் ஹெட்மாஸ்டரின் மகள், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைக்குட்டி சாதனா சிலம்பத்தில் கோப்பை வாங்கினாள். அது கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்த கோப்பை என்று மருமகள் ராஜாமணி சொல்கிறாள். அவள் பெற்ற பிள்ளைதான், ஆனாலும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

ராஜாமணியின் மூத்தவன் சத்தியசீலன். வங்கிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறி, எட்டு மாதமாக அந்தமானில் போர்ட் பிளேரில் அதிகாரி. போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். பூர்வீகம் முதுகுளத்தூர்ப் பக்கம். தாத்தா காலத்தில் தீவுக்கு ரோடு போடப் போன குடும்பம், அங்கேயே தங்கிவிட்டார்களாம். "அப்பத்தா வந்து பாக்கட்டும். அப்பத்தா வேண்டாம்னா வேண்டாம்," என்று போனில் சொன்னான். தங்கமான பிள்ளை. போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். விருதுநகரில் ஒரு வரன் தயாராக இருக்கிறது.

மகன் கடையை விட்டு வர முடியாது. நானும் ராஜாமணியும் போகிறோம். பெண் வீடு நீல் தீவில். ஐந்தாம் தேதி போய் ஆறாம் தேதி திரும்புகிறோம்.

சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் பரமக்குடியில் ஒரு வீட்டில் கவனமில்லாமல் பாயசத்தைக் குடித்துவிட்டான். அந்த அண்ணி இன்றைக்கும் இருக்கிறாள். அதனால் சப்பாத்தி, புளியோதரை, முறுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு போகிறோம்.

சாப்பாடு: காலை மூன்று இட்லி. மதியம் ஒரு கப் சோறு, கீரை. இரவு இரண்டு தோசை.

டிசம்பர் 4, போர்ட் பிளேர்

நேற்று விமானத்தில் இரண்டு மணி நேரம். ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம்.

காலையில் சீலன் சிறைச்சாலைக்குக் கூட்டிப் போனான். நீளமான கட்டடம், வரிசையாக அறைகள், ஒரு அறைக்காரன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு கொட்டகையில் செக்கு இருந்தது. எங்கள் அப்பா வீட்டிலும் செக்கு உண்டு. அதை மாடு சுற்றும். இங்கே மாட்டைப் பூட்டுகிற இடத்தில் மனிதனைப் பூட்டி எண்ணெய் ஆட்ட வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆட்ட வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்ததைச் சீலன் வாசித்தான். போதும்டா என்றேன். வெளியில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு படகில் ராஸ் தீவு. வெள்ளைக்காரன் அரண்மனை, மாதா கோயில், ரொட்டி சுட்ட இடம் எல்லாம் கட்டியிருந்தான். இப்போது அத்தனை சுவரையும் மரத்தின் வேர் பிடித்து வைத்திருக்கிறது. மயில் நடக்கிறது. புள்ளிமான் மனிதர்களைப் பார்த்து ஓடுவதில்லை, கிட்ட வந்து முகர்கிறது. நான் மாதா கோயில் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மான் பையைத் திறந்து சப்பாத்திப் பொட்டலத்தை இழுத்துவிட்டது. அதன் குடும்பமே வந்து தின்றது.

"விரட்டுடா," என்றேன்.

"அப்பத்தா, அது அரசாங்க மான். தொட்டா கேஸ்," என்றான் சீலன். சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தான்.

மிச்சம் புளியோதரையும் முறுக்கும். ஒரு நாள்தானே.

சாப்பாடு: ஓட்டலில் தோசை. மதியம் புளியோதரை. இரவு மறுபடியும் புளியோதரை, கொஞ்சம் வாசனை மாறியிருந்தது.

டிசம்பர் 5, நீல் தீவு

கப்பலில் இரண்டு மணி நேரம். இறங்கும் இடத்தில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதுவே ஒரு பேச்சாகிவிடும்.

பெண்ணின் அப்பா பூமிநாதன் ஆட்டோவோடு வந்திருந்தார். கருத்த, கூச்சமான மனிதர். வழியில் ஊர்களின் பெயர் சொன்னார். பரத்பூர், லட்சுமண்பூர், ராம் நகர், சீதாபூர். இராமர் குடும்பத்துக்கே ஊர் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் கோசலைக்கு மட்டும் இடம் இல்லை. அதைச் சொன்னேன். ராஜாமணி என்னைப் பார்த்து, "இருந்திருந்தா சீதாபூரைக் காட்டுக்கு அனுப்பியிருப்பாக அத்தை," என்றாள்.

தகரக் கூரை வீடு. சுற்றிலும் பாக்கு மரம், புடலங்காய்ப் பந்தல். பின்னால் சுற்றுலாக்காரர்களுக்கு நான்கு குடில்கள். பெண்ணின் அம்மா மரகதம் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. கையைக் கழுவுங்க. சூரை மீன் குழம்பு வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. கப்பல்லயே சாப்பிட்டு வந்தோம்," என்றேன்.

"எந்தக் கப்பல்லம்மா சோறு போட்டாக? நாங்க முப்பது வருசமா போயிட்டு வாரோம், எங்களுக்கு ஒரு டீ கூடத் தந்ததில்லையே."

தண்ணீர் மட்டும் குடித்தேன். குழம்பின் வாசனை கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. ராஜாமணி இரண்டு தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அந்த ஜன்னல் அடுக்களையைப் பார்த்த ஜன்னல்.

பெண் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். பெயர் ரோஷிணி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பரில் கருப்பு உடை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இப்படி வந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. உள்ளே போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன வேலைம்மா பாக்குற?"

"ஆளுங்களைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போய் மீனைக் காட்டிட்டு, பத்திரமா மேல கொண்டு வந்து விடுறது பாட்டி."

"மேல வராதவங்க?"

"இதுவரைக்கும் எல்லாரும் வந்துட்டாங்க. உங்க பேரன்தான் வர மாட்டேன்னு அடம் பிடிச்சாரு."

சீலன் தரையைப் பார்த்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவளுக்கு விவரமாகச் சொன்னேன். கலெக்டர், ஜெர்மனி, ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "இவங்கள்ல யாரு பாட்டி நல்லாச் சிரிக்க வைப்பாங்க?" என்றாள். இது என்ன கேள்வி. மார்க் ஷீட்டில் இல்லாத பாடம்.

கல்யாணத்துக்கு அப்புறம் இந்த முங்குகிற வேலை எல்லாம் சரிப்படாது என்று சொல்லி வைத்தேன். மரகதம் மகளைப் பார்த்தாள், மகள் சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

இரவு நாலாவது குடிலில் தங்கிவிட்டு, நாளை மதியக் கப்பலில் கிளம்புகிறோம்.

சாப்பாடு: தண்ணீர். முறுக்கு ஐந்து.

டிசம்பர் 6

கப்பல் இல்லை. புயல் சின்னமாம். மழை விடாமல் கொட்டுகிறது. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

எப்போது விடும் என்று பூமிநாதனைக் கேட்டேன். "கடலு சொல்லணும்மா," என்றார். அதோடு சரி.

இருக்கிற ஓட்டல் நான்கையும் சாத்திவிட்டார்கள். மிச்சப் புளியோதரையைக் கொட்டிவிட்டேன்.

சாப்பாடு: முறுக்கு, இளநீர். இளநீர் தண்ணீர்தான்.

டிசம்பர் 7

இன்றும் கப்பல் இல்லை.

இந்தத் தீவில் ஒரு வழக்கம் இருக்கிறது. கப்பல் நின்றுவிட்டால் விருந்தாளி, வாடகைக்கு வந்தவர் என்ற பேச்சு கிடையாதாம். இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. யார் தோட்டத்தில் என்ன இருக்கிறதோ பறித்து வந்து போடுகிறார்கள். குடிலில் மாட்டிக்கொண்ட வங்காளக் குடும்பம் இரண்டு, புது மாப்பிள்ளை பெண்டாட்டி ஒரு ஜோடி. அந்தப் புது மாப்பிள்ளை ஈர விறகை ஊதிக்கொண்டு கண்ணைக் கசக்கினான். பெண்டாட்டி பக்கத்தில் நின்று எப்படி ஊத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குடும்பம் நன்றாக நடக்கும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. பூசணிக்காயை வாங்கி வெட்டினேன். காய் வெட்டினால் கை நனைந்ததாகாது. இருபது பேருக்குச் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று இவர்களுக்குத் தெரியவில்லை, அதையும் நானே கரைத்தேன். அது வேறு மாதிரி நனைவது.

சமையலுக்கு நடுவில் மரகதம் உப்பைத் தேடினாள். சீலன் எழுந்து போய், மேல் பலகையில் மூன்றாவது டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஒரு யூகம்தான் அப்பத்தா."

மரகதம் ஒரு தட்டைக் கழுவி அவன் முன்னால் வைத்தாள். தட்டின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் 'சீ' என்று எழுதியிருந்தது. இதுவும் யூகமாக இருக்கும்.

எட்டு மாதமாகக் கை நனைத்திருக்கிறான். அது போதாதென்று ராஜாமணி வந்த அன்றே அடுக்களையில் நின்றுகொண்டே மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டாள் என்பதும் இன்றுதான் தெரிந்தது. "நின்னுக்கிட்டுத்தான் அத்தை. உக்காரலை," என்கிறாள். சரி, ஸ்பூனில் சாப்பிடுங்கள், கை நனையாது என்று எனக்கும் வழி சொல்லிக் கொடுத்தாள். ஸ்பூன் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தால், இந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த என் மாமியார் அதையும் சேர்த்துத்தான் தடுத்திருப்பார்.

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாக இருந்ததாம். நான் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன்.

அடுக்களையில் மரகதம் புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். "வீட்டுல ஒரு வாய் சோத்துக்கே இந்தப் பாடு படுத்துறாக. நாளைக்கு நம்ம பிள்ள அங்க போயி நின்னா, எத்தனை கோடு தாண்டிப் போகணும்? எனக்கு மனசு ஒப்பலைங்க."

எனக்குக் காது அவ்வளவு சரியாகக் கேட்பதில்லை.

சாப்பாடு: இளநீர் இரண்டு. வாழைப்பழம் ஒன்று. அதற்குத் தோல் இருக்கிறது.

டிசம்பர் 8, காலை

மாத்திரை போட்டேன். பசி இல்லை.

டிசம்பர் 8, மாலை

டாக்டர் இதை வாசிப்பார் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணி இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். விரல் நடுங்கியது. வெங்காயம் என்று நினைத்தேன். பிறகு முதுகெல்லாம் வேர்த்தது. எதிரில் இருந்த ராஜாமணி இரண்டு ராஜாமணியாகத் தெரிந்தாள். ஒன்றே அதிகம்.

அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து ஓடி வந்து என்னைச் சுவரில் சாய்த்தாள். "பாட்டி, என்னைப் பாருங்க. என் பேரு என்ன சொல்லுங்க," என்றாள். எனக்கு வரவில்லை. வித்யாசாகர் என்றேனாம். ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் சர்க்கரையை நாக்கின் அடியில் வைத்தாள். பிறகு சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. சீலன் வெளிறிப்போய் நின்றான். அவனிடம், "பாட்டி காலைல மாத்திரை போட்டாங்களா? வயித்துல எதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்றதும் அவள் கோபப்பட்டாள். என் மேல் இல்லை, அவன் மேல். நன்றாகவே கோபப்பட்டாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

தண்ணீருக்கு அடியில் ஒருவருக்கு முடியாமல் போனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். அங்கே யாரும் வாய் திறந்து எனக்கு முடியவில்லை என்று சொல்ல முடியாது அல்லவா. "நீங்களும் சொல்ல மாட்டீங்க, அதான் ரெண்டு நாளா உங்க முகத்தையே பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மரகதம் கஞ்சி கொண்டு வந்தாள். ரோஷிணியே ஊட்டினாள்.

கை நனையவில்லை. வாய்தான் நனைந்தது. வழக்கத்தில் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சாப்பாடு: சர்க்கரை. கஞ்சி ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர்.

டிசம்பர் 9

மழை விட்டுவிட்டது. நாளை காலைக் கப்பல் வருகிறது.

கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ரோஷிணி என்னைக் கல் பாலத்துக்குக் கூட்டிப் போனாள். பாறை தானாகவே வளைந்து பாலம் மாதிரி நிற்கிறது. கடல் பின்னால் போன இடத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. எனக்கு ரப்பர் செருப்புப் போட்டுவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் காட்டினாள். நீல நட்சத்திரம் ஒன்று ஐந்து கையையும் விரித்துக் கிடந்தது. ஒரு குழியில் கருப்பாக, தடியாக, வெள்ளரிக்காய் மாதிரி ஒன்று.

"இது என்ன செய்யும்?"

"மண்ணைத் தின்னு சுத்தமாக்கித் துப்பும் பாட்டி. வேற ஒண்ணும் செய்யாது. யாரையும் தொந்தரவு பண்ணாது."

"நல்ல மருமக," என்றேன். சிரித்தாள். பாறை இடுக்கில் ஒளிந்திருந்த சின்ன ஆக்டோபஸ்ஸைக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தபோது அது கல் நிறத்துக்கு மாறிவிட்டது. கரையில் ஒரு வெள்ளைச் சங்கை எடுத்தேன். கீழே போடுங்கள் என்றாள். இங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுத்துப் போகக் கூடாதாம், விமான நிலையத்தில் பிடிப்பார்களாம். பிடிக்காவிட்டாலும் போடுங்கள் என்றாள். போட்டேன். சங்கிலிருந்து நண்டுக் கால் முளைத்து அது தன் வழியில் நடந்து போனது.

"தண்ணிக்குள்ள எப்படிம்மா பேசிக்குவீங்க?"

"பேச மாட்டோம். கையால சொல்லிக்குவோம். சரி, சரியில்லை, மேல போகலாம், காத்து தீந்துபோச்சு. அவ்வளவுதான்."

"மாமியாருக்கும் மருமகளுக்கும் அவ்வளவு போதும்."

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"பாட்டி, நீங்க இங்க வேண்டாம்னு சொல்ல வந்தீங்கன்னு தெரியும். அவரே சொல்லிட்டாரு. அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நானும் சரின்னு சொல்லலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பையனை, முதல் தடவையிலேயே பரீட்சை தேறியவனை, இவள் யோசிக்கிறாளாம்.

"அவனுக்கு என்ன குறை?"

"அவருக்கு ஒண்ணுமில்லை. மூணு வருசத்துல அவரை மாத்திடுவாங்க. அப்புறம் அருப்புக்கோட்டைன்னு சொல்றாரு. அங்க நான் எதுக்குள்ள பாட்டி முங்குறது?"

"கண்மாய் இருக்கு," என்றேன்.

"தண்ணி இருக்கா?"

கார்த்திகையில் இருக்கும். அதுவும் முழங்கால் வரை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"எங்க அம்மாவுக்குப் பயம். நான் அங்க வந்தா எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னே நாள் போயிடும்னு. அம்மா இன்னைக்கு நைட் அப்பாக்கிட்ட பேசி, வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்காங்க. உங்ககிட்ட மறைச்சு வச்சா நல்லா இருக்காது."

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது, அடுத்த வகுப்பில் என்ன பாடம் வரும் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. இவள் கேட்கிறாள்.

"அவன் வங்கிக்குத் தூத்துக்குடியில கிளை இருக்கு. ராமேஸ்வரத்துலயும் இருக்கு. மாத்தல் வந்தா கடல் இருக்குற ஊரா எழுதிக் கேக்கட்டும். அருப்புக்கோட்டையில ஏற்கனவே ஆள் இருக்கு. நான் இருக்கேன்."

"அவரு கேப்பாரா?"

"கேக்க வைக்க நான் இல்லையா. முங்குற வேலை சரிப்படாதுன்னு அன்னைக்குச் சொன்னேன்ல. அதை நீ கேக்கலைன்னு வச்சுக்க."

"கேட்டுடுச்சே பாட்டி."

"எனக்கும்தான் எல்லாம் கேக்குது. நான் சொல்றேனா?"

வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்று. மரகதம் இலை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் போடவில்லை, பழகிவிட்டாள். நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு ராஜாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ராஜாமணியின் வாய் பாதியில் நின்றது.

மரகதம் இலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அம்மா, மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நாங்க இன்னும் முடிவுன்னு ஒண்ணும் சொல்லலை. நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டு, நாளைப்பின்ன நாங்க வேண்டாம்னு சொல்லிட்டா உங்களுக்குத்தான் சங்கடம். ஊருல என்ன சொல்வாக?"

"கை நனைச்சும் பொண்ணு குடுக்கலைன்னு சொல்வாக," என்றேன். "போடும்மா."

போட்டாள். சோறு, பருப்பு, புடலங்காய்க் கூட்டு, மீன் குழம்பு. சோற்றைப் பிசைந்தேன். சீலன் தன் 'சீ' தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ரோஷிணி குழம்புச் சட்டியை எடுத்து வந்து இரண்டாவது தடவை ஊற்றினாள்.

பசி. வேறு ஒன்றும் இல்லை.

சாப்பாடு: மேலே எழுதியது. சோறு ஒரு கப் இல்லை, டாக்டர். மூன்று.

டிசம்பர் 10, கப்பலில்

வழியனுப்பப் பூமிநாதனும் மரகதமும் வந்தார்கள். முடிவைப் பற்றி அவர்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்மா," என்றாள் மரகதம். "யோசிங்க," என்றேன். பையன் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்கிறார்கள், நானும் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ரோஷிணி வரவில்லை. வங்காளக் குடும்பத்துக்கு மீன் காட்டப் போயிருந்தாள். கப்பல் திரும்பும்போது தூரத்தில் ஒரு படகிலிருந்து கருப்பாக ஒருத்தி கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சீலனைக் கேட்டேன். "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்குறா. அதே மாதிரி திருப்பிக் காட்டணும்," என்றான்.

காட்டினேன். ராஜாமணி பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் தலைமுடியைச் சரி செய்கிற மாதிரி காட்டினேன்.

சாப்பாடு: மரகதம் கட்டிக் கொடுத்த தயிர்ச் சோறு.

டிசம்பர் 14, அருப்புக்கோட்டை

போன் வரவில்லை. மகன் கேட்டான், "என்னம்மா, வேண்டாம்னு சொல்லிட்டு வந்தீங்களா?" இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

சாப்பாடு: இட்லி மூன்று. மதியம் சரியாக இறங்கவில்லை.

டிசம்பர் 16

போன் வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று ராஜாமணியை விட்டு அடிக்கச் சொன்னேன். அடித்தது.

டிசம்பர் 17

விருதுநகர் வரனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். பையனுக்குக் கடல் காற்று ஒத்துப்போய்விட்டது, விருதுநகர் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

டிசம்பர் 19

மீன் வாங்கி மரகதம் வைத்த மாதிரி குழம்பு வைக்கச் சொன்னேன். ராஜாமணிக்கு வரவில்லை. எதை விட்டாய் என்று கேட்டேன். "கடலை," என்கிறாள்.

டிசம்பர் 22

நான் சொன்னபடி சீலன் தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். மூன்று வருடம் கழித்து மாற்றல் என்றால் தூத்துக்குடி அல்லது ராமேஸ்வரம். எழுதிக் கொடுத்ததன் நகலை ரோஷிணியிடம் காட்டினானா என்று கேட்டேன். முதல் வேலையாகக் காட்டினேன் என்றான். என்ன சொன்னாள் என்றேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தாள் என்றான்.

சாப்பாடு: குறைவு.

டிசம்பர் 24

மதியம் ஒரு மணிக்கு மரகதம் பேசினாள். நான்தான் எடுத்தேன். ராஜாமணி எடுக்க வந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

முதலில் மழை, பிறகு பாக்கு விலை, பிறகு பூமிநாதனின் முழங்கால் வலி. நானும் அவசரப்படவில்லை. கடைசியில் சொன்னாள்.

"தை பிறக்கவும் நாங்க மூணு பேரும் அங்க வாரோம்மா."

"வாங்க. வீடு பாக்கவா?"

"வீட்டை என்னத்தப் பாக்குறது. வந்ததும் முதல்ல இலையப் போட்டுருங்க. சாப்பிட்டுட்டுத்தான் பேச்சு."

நான் சரி என்றேன். போனை வைத்ததும் ராஜாமணியைப் பாயசம் வைக்கச் சொன்னேன்.

சாப்பாடு: மதியம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பாயசம் அரை டம்ளர். டாக்டர், அது இன்றைக்கு மட்டும்.

டிசம்பர் 25

ரோஷிணிக்கு ஒரு கடிதம் எழுதி ராஜாமணியிடம் தபாலில் போடக் கொடுத்தேன். எழுதியதை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

அன்புள்ள ரோஷிணிக்கு, அப்பத்தா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. உன் படம் என்று சீலன் எங்களுக்கு அனுப்பியதில் நீ பட்டுச் சேலை கட்டி, தலையைச் சாய்த்து, ஸ்டுடியோவில் வரைந்த அருவிக்கு முன்னால் நிற்கிறாய். பக்கத்து வீட்டுக் கனகம் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு அமைதி போல இருக்கே," என்றாள். அது பொய்ப் படம். எனக்குப் புதிதாக ஒன்று வேண்டும். நீ அந்தக் கருப்பு உடுப்போடு, தலை சொட்டச் சொட்டக் கடலிலிருந்து ஏறி வருகிற மாதிரி எடுக்கச் சொல். போனில் அனுப்பாதே, சார்ஜ் போனால் அதுவும் போய்விடும், பேரப்பிள்ளைகள் விரலால் தள்ளித் தள்ளி எங்கேயோ கொண்டு போய்விடுகிறார்கள். பெரிதாகக் கழுவி, நடுவில் மடியாமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.